காற்றிலும் நமக்குப் பங்குண்டு



புற்றுநோய் புகைபிடிப்போர்க்கே வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையையும், 2013-இல் மாசடைந்த வெளிக்காற்றையும் புற்றுநோய்க் காரணிகளென அறிவித்தது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி உயிரணுக்களைப் பழுதாக்குகின்றன.

காற்று எல்லார்க்கும் பொது. அதன் நஞ்சோ சமமாகப் பங்கிடப்படவில்லை. சென்னையின் தெருக்களைக் கூட்டுவோர் யார்? கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகில் வாழ்வோர் யார்? உழைக்கும் ஏழைகளே, அவர்களுள் நம்மவர் பலர்.

ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று அந்நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. 2009-இல் நம் நாடு வகுத்த வரம்போ 40.

ஆகவே இளைஞர்களே, நம் பகுதிக் காற்றின் அளவைக் கேட்டறிவோம், மனு எழுதுவோம். குப்பையை நாமும் கொளுத்தோம். பிறர் கொளுத்தவும் விடோம். துப்புரவுப் பணியாளர்க்குத் தக்க முகக்கவசம் கோருவோம். மூன்று வாரம் நீடிக்கும் இருமலையும், சளியில் காணும் இரத்தத்தையும் மறைக்காது மருத்துவரிடம் காட்டுவோம். நாம் பெற்ற கல்வி உத்தியோகத்திற்கு மட்டுமன்று. உயிரைக் காக்கவும் உரிமையைக் கேட்கவுமே.