மூச்சை அடக்காத முக்குளிப்பு

மன்னார்க் கடலிலே முத்துக் குளித்த முன்னோர் தம்முடன் கொண்டு சென்ற கருவிகள் மிகச் சில. விரைந்து கீழே இறங்குவதற்கு ஒரு கல். மேலே ஏறுவதற்கு ஒரு கயிறு. சிப்பிகளைச் சேர்ப்பதற்கு ஒரு பை. இவற்றுக்கெல்லாம் மேலாக அவர்கள் நம்பியிருந்தது நெஞ்சிலே அடக்கிக்கொண்ட ஒரு மூச்சையே. அந்த மூச்சுத் தாங்கும் வரையிலேதான் கடலடியில் அவர்களுக்கு இடமிருந்தது.

மூச்சை அடக்காமலே கடலடியில் உலாவும் வழியொன்று 1943ஆம் ஆண்டிலே பிறந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும், எமில் கஞ்ஞான் என்ற இஞ்சினியரும் சேர்ந்து ஒரு சுவாசக் கருவியை உருவாக்கினர். முதுகிலே சுமக்கும் உருளையில் அடைத்த காற்றை, மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஏற்ற அளவிலே அக்கருவி வழங்கும். உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. தனிப் பிராணவாயு ஆழத்திலே நஞ்சாகும். தொடக்க மாணவர் சுமப்பது நாம் கரையிலே சுவாசிக்கும் சாதாரணக் காற்றேயாகும். 'ஸ்கூபா' என்று இன்று உலகெங்கும் வழங்கும் வித்தைக்கு அடிப்படை இதுவே.

இவ்வித்தையைப் பயில்வதற்குப் பலரும் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ தாவோ என்னும் சிறு தீவு. ஆமைத் தீவு என்பது அப்பெயரின் பொருள். ஏறக்குறைய 21 சதுர கிலோமீற்றர் பரப்பேயுள்ள இத்தீவு ஒரு காலத்தில் அரசியற் கைதிகளை அடைத்துவைத்த சிறையாக இருந்தது. இன்றோ, கடலுக்குள் முதன்முறை இறங்குவோரின் பள்ளிக்கூடமாக அது விளங்குகின்றது. சும்போன் கரையிலிருந்து படகேறிப் பல தேசத்தவரும் அங்கே செல்கின்றனர்.

குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நடுத்தர வயதினர் ஒருவர் அங்கே பயிலச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கையிலே கொடுக்கப்படுவது கருவியன்று, ஒரு வினாப்பத்திரம். இருதயம், நுரையீரல், காது ஆகியவற்றிலே குறையுண்டா என்று அது கேட்கும். உண்டு என்று விடை வருமாயின் வைத்தியரின் அனுமதி வேண்டும். வெட்கத்தினாலோ அவசரத்தினாலோ இங்கே ஒருவர் உண்மையை மறைப்பாராயின், தம் உயிரோடு விளையாடுகின்றார் என்பதே பொருள். பின்னர் 200 மீற்றர் தூரம் நீந்திக் காட்டவேண்டும். 10 நிமிடம் நீரிலே மிதந்து காட்டவேண்டும். விரைவு கேட்கப்படுவதில்லை, நிதானமே கேட்கப்படுகின்றது.

வகுப்பிலே கற்பிக்கப்படும் தலையாய விதி ஒன்றே: மூச்சை ஒருபோதும் அடக்காதே. முத்துக் குளித்தவருக்கு எது உயிரோ, அதுவே இங்கே கூற்றமாகும். காரணம் எளியது. கடலிலே 10 மீற்றர் இறங்கினால், அமுக்கம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகும். அங்கே ஒரு பலூனைக் காற்றால் நிரப்பி, வாயைக் கட்டி மேலே கொண்டுவந்தால், அதனுள்ளிருக்கும் காற்று இருமடங்காக விரிய முயலும். நுரையீரலும் அத்தகையதே. ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுபவரின் நுரையீரல் கிழிந்துபோகலாம். சில மீற்றர் ஆழமே இத்தீங்குக்குப் போதுமானது.

விதியை ஏட்டிலே படிப்பது எளிது. நீருக்குள்ளே அதனைக் கடைப்பிடிப்பதுதான் அரிது. நீச்சற் குளத்திலே நடைபெறும் பயிற்சிகளுள் பலரையும் கலங்கவைப்பது முகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி அணியும் பயிற்சியாகும். கண்ணாடியை எடுத்ததும் நீர் மூக்கைத் தாக்குகின்றது, கண் மங்குகின்றது. வாயிலே காற்று வந்துகொண்டிருந்தும், மூச்சுத் திணறுவதாக மனம் கூக்குரலிடுகின்றது. நம் மாணவரும் முதல் முயற்சியிலே மேலே பாய்ந்தெழவே முற்படுகின்றார். பயிற்றுநர் அவர் தோளைப் பற்றி நிறுத்துகின்றார், பரிகசிக்கவில்லை. கையை மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும், மூச்சை இழுத்துவிடும் முறையைக் காட்டுகின்றார். இரண்டாம் முயற்சியில் மாணவர் கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்றே அண்ணாந்து, மூக்கினால் காற்றை ஊதுகின்றார். உள்ளே புகுந்த நீர் கீழ்விளிம்பு வழியாக வெளியேறுகின்றது. அச்சம் முற்றாக நீங்கிவிட்டது என்று கூறமுடியாது. அச்சத்தோடு இருந்துகொண்டே செய்யவேண்டியதைச் செய்யலாம் என்பதனை அவர் அறிந்துகொண்டார்.

பின்னர் கடலிலே நான்கு முறை மூழ்கவேண்டும். பேச்சுக்கு இடமில்லாத அவ்வுலகிலே கைகளே மொழி. பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்தால் 'நலம்' என்று பொருள். பெருவிரலை நிமிர்த்தினாலோ 'நன்று' என்பதன்று, 'மேலே செல்வோம்' என்பதே பொருள். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அமுக்கத்தைச் சமப்படுத்துகின்றனர். ஆழம் மிகமிகச் சிவப்பு நிறம் முதலில் மறைந்துபோகின்றது. பவளப் பாறைகளிடையே மீன்கள் கூட்டங் கூட்டமாகச் செல்கின்றன. எதையும் தொடலாகாது, பவளமும் ஓர் உயிரே. துணைவரை விட்டு விலகலாகாது. ஒருவருடைய காற்று எதிர்பாராது தீர்ந்துவிடின், மற்றவரின் மேலதிக வாய்க்கருவியே உயிர் காக்கும். திரும்பும்போது மெதுவாக எழுந்து, 5 மீற்றர் ஆழத்திலே 3 நிமிடம் தரித்து நிற்கின்றனர். குருதியிலே கரைந்த நைதரசன் அமைதியாக வெளியேறுவதற்கே இத்தாமதம். பல முறை மூழ்கியவர்கள் அதன்பின் குறைந்தது 18 மணி நேரம் ஆகாய விமானம் ஏறலாகாது என்பதும் இதுபற்றியே.

எழுத்துப் பரீட்சையிலும் தேறிய நம் மாணவருக்குச் சிறியதோர் அத்தாட்சி அட்டை கிடைக்கின்றது. 18 மீற்றர் ஆழம் வரை, துணைவர் ஒருவரோடு மூழ்கும் தகுதி உடையவர் என்று அது சாற்றும். வல்லவர் என்று அது கூறுவதில்லை. எல்லையைக் குறிப்பிட்டே தகுதியை வழங்கும் சான்றிதழ்கள் உலகில் அதிகமில்லை. கற்றது இவ்வளவு என்று அறிந்து அவ்வளவிலே நிற்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்பதனை இச்சிறு அட்டை நினைவூட்டுகின்றது.

அயல்நாட்டிலே பெற்ற அந்த அட்டை திருகோணமலையிலும் செல்லும். 1956ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இத்தகைய கருவியை அணிந்தே அக்கடலில் மூழ்கினர். கோணேசர் மலையடியில், பழைய ஆலயத்தின் சிதைந்த தூண்களைக் கண்டனர். நம் கரையருகிலேயே காணவேண்டியவை இன்னும் பல உண்டு. அவற்றைக் காண விரும்புவோர் முதலிலே கற்கவேண்டியது, அமைதியாக மூச்சு விடுவதையே.