முதலாளிமார் கடமையும் சிப்பந்திகளின் மனநலமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

நமது குலத்தார் பெரும்பாலும் வியாபாரத்தால் ஜீவனம் செய்பவர்கள். சரக்கு நனையாமலும் பூச்சி அரிக்காமலும் கண்போற் காக்கின்றோம். ஆனால் அச்சரக்கை எடுத்துக் கொடுக்கும் மனிதனுடைய மனம் எந்நிலையில் இருக்கின்றதென்று நம்மில் எத்தனை பேர் வினவுகின்றோம்?

முதற்கண் எமது பிழையைச் சொல்லிவிடுதல் நலம். எமது கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கெழுதிய ஒருவர், ஒரு தீபாவளிப் பருவத்தில் அடுத்தடுத்துக் கூட்டலில் தவறினார். வாடிக்கைக்காரர் முன்னிலையில் அவரைக் கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் வரவுமில்லை. ஒரு வாரம் கழித்து அவர் இல்லம் சென்றபோதுதான், இரண்டு மாதமாக உறக்கமின்றி அவர் வருந்தியதும், வேலை போய்விடுமென்று அஞ்சி ஒருவரிடமும் உரையாதிருந்ததும் தெரியவந்தன. மனச்சோர்வு நோயென்றார் வைத்தியர். சிகிச்சையால் அவர் தேறினார், எம்மிடம் திரும்பினாரில்லை. கணக்கில் விழுந்த பிழையைக் கண்ட எமக்கு, முகத்தில் விழுந்த வாட்டம் தெரியாமற் போயிற்று.

“முதலாளி வைத்தியரோ? இரக்கம் காட்டினால் வேலை கெடாதோ?” என்பார் சிலர். மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இது இரக்கம் மட்டுமன்று, வியாபார விவேகமுமாம். மருந்து தருவது வைத்தியர் கடமை. நோய்க்கு இடங்கொடாமை தலைவர் கடமை. 2022-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளும், வேலைச் சூழலைச் சீர்திருத்துதலையும், மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சியளித்தலையும் வலியுறுத்துகின்றன.

நாம் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, உடலுக்கு ஓய்வு. கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை அளிக்கவேண்டுமென்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுதும் நின்றவனுடைய மனம் இன்முகம் காட்டுவது எங்ஙனம்? சட்டம் வந்தபின்னரே நாற்காலி போட்டோம் என்பது நமக்குப் பெருமையன்று.

இரண்டாவது, கடிந்துரைக்கும் முறை. பிழையைத் தனியிடத்தில் சொல்லுக. பிறர் முன்னிலையில் வேண்டா. நெடுநாள் நன்றாக வேலை செய்தவர் திடீரெனத் தவறுவாராயின், “ஏன் தவறினீர்?” என்பதற்கு முன், “உடம்பு எப்படி இருக்கிறது? வீட்டில் யாவரும் நலமா?” என்று கேளுங்கள். கேட்டபின் விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

மூன்றாவது, நாவடக்கம். நம் கடைகளில் வேலை செய்பவர் பலர் நம் உறவினரே. கல்லாவில் பேசிய பேச்சு மறுநாள் கலியாண வீட்டுக்குச் சென்றுவிடுகின்றது. “அவன் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான்” என்னும் ஒரு சொல், அவன் மகளுக்கு வரும் சம்பந்தத்தைக் கலைத்துவிடும். இவ்வச்சத்தாலன்றோ நம்மவர் நோயை மறைக்கின்றனர்? நம்மிடம் நம்பிச் சொன்னதை நாம் நம் மனைவி மக்களிடத்தும் சொல்லலாகாது.

நான்காவது, சிகிச்சைக்கு வழிகாட்டல். ஜுரத்துக்கு விடுப்புத் தரும் நாம், மனநோய்க்கும் அவ்வாறே தருதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்கப்படவேண்டுமென விதிக்கின்றது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தேறி வருபவருக்கு முதலில் இலகுவான வேலையும் குறைந்த நேரமும் தந்து, படிப்படியாகப் பழைய இடத்தில் அமர்த்துக.

சகோதரர்களே! இவற்றுள் பெரும்பொருட்செலவு எதற்கு உண்டு? ஒரு நாற்காலி, சில நாள் விடுப்பு, ஓர் இன்சொல், ஒரு மௌனம், இவ்வளவே. இன்று வீடு சென்றதும் உங்கள் சிப்பந்திகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைவுகூருங்கள். எவர் முகம் முன்போலில்லையென்று தோன்றுகின்றதோ, நாளைக் காலை கடை திறந்தவுடன் அவரைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை விசாரியுங்கள். எமக்கு வாய்த்திருந்தும் யாம் நழுவவிட்ட அத்தருணத்தை நீங்களாவது நழுவவிடாதிருக்க வேண்டுகின்றோம்.