ஏத்துன ஜீப், எட்டாத ஹோஸ்: பழைய ஜீப்புக்கு பிரேக் லைன் மாத்துறது

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். கம்பத்துக்காரர். பழைய மஹிந்திரா ஜீப் வச்சிருக்காரு. ஸ்பிரிங்ல கூடுதல் பட்டை போட்டு, பெரிய ஷேக்கிள் மாட்டி, வண்டியை ஏத்தியிருக்காரு. இப்ப பிரேக் பைப் துருப்பிடிச்சுக் கசியுது. "கசியுற பைப்பை மட்டும் மாத்துனா போதுமா, மொத்தமா மாத்தணுமா?"ன்னு கேக்குறாரு.

என் பதில்: மொத்தமா மாத்துங்க. ஆனா பைப்பை வாங்குறதுக்கு முன்னாடி ஹோஸை அளந்து பாருங்க. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ல ஜீப் எதுக்கு உசருது?

வெளியூர்ல ஜீப்பை ஏத்துறது பெரும்பாலும் பொழுதுபோக்கு. தேனி மாவட்டத்துல அது பிழைப்பு. போடி, கம்பம், கூடலூர் பக்கம் விடியக்காலம் நின்னு பாருங்க. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளின்னு ஜீப் வரிசையா மலை ஏறும். பின்னாடி நெருக்கி உக்காந்திருக்கிறதுல முக்கால்வாசி பொம்பளைங்க. தார் ரோட்டை விட்டு எஸ்டேட் பாதையில திரும்பினா பூரா கல்லும் பள்ளமும்தான். அடி தட்டக்கூடாது, பாரத்துல ஸ்பிரிங் படுக்கக்கூடாது. அதுக்குத்தான் பட்டை சேர்க்குறாங்க, ஷேக்கிள் மாத்துறாங்க.

மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி. அந்த வழியில வந்த பழைய வண்டிகள்ல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் காலுக்குக் கீழே, தளத்துக்கு அடியில. இன்னும் பழசா இருந்தா ஒரே சர்க்யூட். அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கயாவது ஒரு இடத்துல பைப் வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இப்ப வர்ற வண்டியில ரெண்டு சர்க்யூட் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு பாதியாவது பிடிக்கும். பழைய ஜீப்ல அந்தப் பாதியும் கிடையாது. ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிச்சம். அதுவும் பழைய மாடல்கள்ல சக்கரத்துல இல்லாம டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்ட்டைப் பிடிக்கும். நிக்கிற வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது. இறக்கத்துல ஓடுற வண்டியை அதை நம்பி விட முடியாது.

ஹோஸ்தான் முதல் ஆபத்து

பிரேக் லைன்ல ரெண்டு வகை இருக்கு. சேஸிலயும் ஆக்சில்லயும் படிஞ்சு போற இரும்பு பைப் ஒண்ணு. மேலயும் கீழயும் ஆடுற ஆக்சிலை ஆடாத சேஸோட சேர்க்குற ரப்பர் ஹோஸ் இன்னொண்ணு. முன்னாடியும் பின்னாடியும் ஹோஸ் இருக்கும்.

கம்பெனி அந்த ஹோஸுக்குக் குடுத்த நீளம் கம்பெனி உயரத்துக்கு. நீங்க மூணு இஞ்ச் ஏத்துனா, சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல மூணு இஞ்ச் கூடிரும். ஹோஸ் மட்டும் அப்படியேதான் இருக்கும். வண்டி ஆளோட நிக்கும்போது குனிஞ்சு பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஏன்னா பாரத்துல ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். காலி வண்டி எஸ்டேட் பாதையில ஒரு குழியில இறங்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கும் பாருங்க, அப்பத்தான் ஹோஸ் விறைக்கும். இப்படியே நூறு தடவை விறைச்சா முனையில இருக்குற கிரிம்ப் விட்டுரும். அது விடுறது குழியிலதான்னு இல்லை. அடுத்த நாள் ஆளோட இறங்கும்போது, காலை அழுத்தி மிதிக்கிற நேரத்துலயும் விடலாம்.

இதுக்குக் குறுக்கு வழியா சிலர் ஹோஸ் பிராக்கெட்டைக் கழட்டி, இரும்பு பைப்பைக் கீழே வளைச்சு விடுவாங்க. ஹோஸ் தளர்ந்துரும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இப்ப ஆட்டம் பூரா இரும்பு பைப்புக்குப் போகுது. இரும்பு பைப் ஆடுறதுக்குச் செஞ்சது இல்லை, நட்டு கிட்ட கீறல் விழும். ரெண்டு ஹோஸை நடுவுல ஜாயின்ட் போட்டு நீட்டுறதும் வேண்டாம்.

அளக்குறது எப்படி?

சமதளத்துல நிறுத்துங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டை சேஸுக்கு அடியில வைங்க, ஆக்சிலுக்கு அடியில வேண்டாம். ஆக்சில் முழுசாத் தொங்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஒரு கயிறை ஹோஸ் போற வழியிலயே விட்டு, இந்த பிராக்கெட்ல இருந்து அந்த முனை வரைக்கும் அளங்க. அதுக்கு மேல ரெண்டு இஞ்ச் தளர்ச்சி சேருங்க. முன் சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. அப்புறம் ஆக்சிலை மேல தூக்கி, ஹோஸ் டயர்லயோ பட்டையிலயோ சைலன்சர்லயோ உரசுதான்னு பாருங்க.

இதுக்கு வழி ரெண்டுதான். அந்த நீளத்துக்கு பிரேக்குக்குன்னே செஞ்ச ஹோஸ் வாங்கலாம். இல்லைன்னா சேஸ்ல இருக்குற பிராக்கெட்டை, ஏத்துன அளவுக்குக் கீழே இறக்கிப் பலமா பொருத்தலாம்.

பழைய ஹோஸ் வெளியில நல்லா இருந்தாலும் மாத்துங்க. உள் ரப்பர் உப்பி ஓட்டை அடைஞ்சுரும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தா திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகுது, வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னா முதல்ல ஹோஸைச் சந்தேகப்படுங்க.

இரும்பு பைப்

நம்ம ஊர்ல கடல் உப்பு இல்லை. ஆனா மேல மழையும் மூடுபனியும், கீழ சேறும் உண்டு. கிளாம்ப்புக்கு அடியில சேறு தங்கி, காயாம, அங்கதான் பைப் அரிக்கும். பின் ஆக்சில் மேல போற துண்டைத் துடைச்சுட்டுப் பாருங்க. ஒரு இடத்துல கசியுதுன்னா, அதே வயசுள்ள மத்த இடமும் அதே நிலைமைதான். அதனாலதான் மொத்தமா மாத்தச் சொல்றேன்.

செம்புக் குழாய் வளைக்க ஈஸின்னு சில இடத்துல போட்டுத் தர்றாங்க. வேண்டாம். செம்பு அதிர்வுல இறுகி, வெடிப்பு விடும். பிரேக்குக்குன்னு வர்ற இரட்டைச் சுவர் இரும்பு டியூப் வாங்குங்க, இல்லைன்னா செம்பு-நிக்கல் கலவை டியூப். முனையில டபுள் ஃபிளேர் அடிக்கணும். ஒற்றை ஃபிளேர் பிரேக் அழுத்தத்துக்குத் தாங்காது. ஃபிளேர் அடிக்குறதுக்கு முன்னாடி நட்டைப் பைப்புக்குள்ள விட்டுருங்க. பிசிறைத் தேய்ச்சு எடுங்க, உள்ளே ஊதிச் சுத்தம் பண்ணுங்க.

இன்னொரு சிக்கல் த்ரெட். பழசுல இஞ்ச் த்ரெட், புதுசுல எம்எம் த்ரெட். 3/8 இஞ்ச் நட்டும் 10 எம்எம் நட்டும் கண்ணுக்கு ஒண்ணுபோலவே இருக்கும். ரெண்டு சுத்து ஏறி அப்புறம் இறுகுச்சுன்னா நிறுத்திருங்க. கடைக்குப் போகும்போது பழைய நட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. செப்பு வாஷர் எல்லாம் புதுசு போடுங்க. ஒரு அடிக்கு ஒரு கிளாம்ப் குடுங்க.

ஆயிலும் ஏர் எடுக்குறதும்

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா அந்த வரம்பு 140க்கு இறங்கிரும். டாட் 4க்கு அது 230, 155.

இந்த எண் நமக்கு ஏன் முக்கியம்? போடிமெட்டுல இருந்து போடிக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். ஆளோட சேர்த்து ரெண்டு டன் ஜீப் அந்த இறக்கத்தை பிரேக்கை மட்டுமே மிதிச்சு இறங்குனா, அந்தச் சூடு ஏழு லிட்டர் தண்ணியை முழுசா ஆவியாக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தச் சூடு டிரம்ல ஏறி ஆயிலைக் கொதிக்க வச்சா, பைப்ல ஆவிதான் இருக்கும். பெடல் தரை வரைக்கும் போகும். புது பைப், புது ஹோஸ் போட்டும் இது நடக்கும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. என்ஜின் ஆயிலை அவசரத்துக்குக் கூட ஊத்தாதீங்க, ரப்பர் எல்லாம் ஊதிரும்.

ஏர் எடுக்குறது தூரத்துல இருந்து. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருந்தா இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நடுவுல டப்பா காலியாக விடாதீங்க. முடிச்சதும் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெல்ல இறங்குனா எங்கயோ கசியுது, இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போயிருச்சு. இன்னொருத்தர் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காகிதத்தால துடைச்சுப் பார்க்கட்டும். முதல் ஓட்டம் சமதளத்துல, காலி வண்டியில. ஆளோட மலைக்குப் போறது அதுக்கப்புறம்தான். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எல்லா ஜாயின்ட்டையும் பாருங்க.

கடைசியா ரெண்டு விஷயம்

வண்டியோட அமைப்பை மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு கட்டுப்பாடு வச்சிருக்கு. கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. ஏத்துறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்குங்க. ஏற்கெனவே ஏத்தியிருந்தா, கம்பெனி உயரத்துக்கே இறக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துரும்.

ரெண்டாவது, செலவு. "ஒரு பைப்தானே, அடைச்சுக் குடுங்க"ன்னு கேக்குற ஓனர்கள் இருக்காங்க. பைப், ஹோஸ், ஆயில் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டயர் செட் விலைக்குக் கிட்ட வராது. பின்னாடி உக்காந்திருக்குறவங்க வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்க்கப்போறது இல்லை. அதை நாமதான் பார்க்கணும்.

கம்பத்து நேயருக்கு: இந்த வாரம் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்க விட்டு, கயிறால அளந்து, அந்த அளவை அனுப்புங்க. அதை வச்சு அடுத்த எபிசோடுல பேசலாம்.