கால் ஊன்றாமல் கடலைப் பார்ப்பது: ஸ்னார்க்கலிங் முதல் பாடம்

"பவளப்பாறை பாக்கணும், ஆனா டைவிங் கோர்ஸ் போற அளவுக்கு நேரமும் இல்ல, பணமும் இல்ல, என்ன பண்ணலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்குத்தான் ஸ்னார்க்கலிங். முகத்துல ஒரு மாஸ்க், வாயில ஒரு குழாய். குப்புற மிதந்துகிட்டே கீழ நடக்கிறதை வேடிக்கை பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு இடம் எடுத்துக்குவோம். இலங்கையில திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. அங்க கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி புறாத் தீவு இருக்கு. 1963-ல் சரணாலயமா அறிவிச்சாங்க; 2003-ல் தேசியப் பூங்கா ஆச்சு. கடல் அமைதியா இருக்கிறது மே முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை வந்துட்டா அலை பெருசாயிடும், தண்ணியும் கலங்கிடும்.

இந்தத் தீவுல பவளப்பாறை கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத தண்ணியில இருக்கு. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது வசதி. பவளத்துக்கு இதுதான் ஆபத்து. ஏன்னா ஆழம் கம்மின்னா கால் எட்டும்.

பாறைன்னு சொல்றோமே தவிர, பவளம் ஒரு உயிர். சின்னச் சின்ன உயிரினங்கள் கூட்டமா சேர்ந்து கட்டுற சுண்ணாம்பு வீடு அது. அதுங்க உடம்புக்குள்ள வாழுற நுண்பாசிதான் சாப்பாட்டையும் நிறத்தையும் கொடுக்குது. உருண்டையா வளர்ற வகை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கால்பந்து அளவுக்கு ஒண்ணு இருந்தா, அதுக்குப் பத்து வயசாவது இருக்கும். அதைக் காயப்படுத்த ஒரு மிதி போதும்.

மிதிக்கிறவங்க யாரும் கெட்டவங்க இல்ல. மாஸ்க்குக்குள்ள தண்ணி வரும், இருமல் வரும், பயம் வரும். உடனே கால் தானா தரையைத் தேடும். "தொடாதீர்கள்"னு போர்டு வச்சாலும் அந்த நிமிஷத்துல ஞாபகத்துக்கு வராது. அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: ஸ்னார்க்கலிங்னா கால் ஊன்றாம இருக்கக் கத்துக்கிறது. அதைக் கடல்ல கத்துக்காதீங்க. உங்க ஊர் நீச்சல் குளத்துல கத்துக்கிட்டுப் போங்க.

குளத்துல என்ன பண்ணணும்? முதல்ல மாஸ்க். பட்டையை மாட்டாம முகத்துல வச்சு, மூக்கால லேசா மூச்சை இழுத்துட்டு கையை எடுங்க. விழாம ஒட்டிக்கிட்டிருந்தா அதுதான் உங்க சைஸ். அடர்த்தியான மீசை இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடியில பனி மாதிரி படியாம இருக்க, உள்பக்கம் எச்சிலைத் தடவி அலசிடுங்க. கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா வேலை செய்யும்.

அடுத்து குழாய். குழாய் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு? இன்னும் நீளமா இருந்தா ஆழமா போகலாமேன்னு தோணும். ஒரு மீட்டர் ஆழத்துல உங்க மார்பு மேல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் கூடுதலா அழுத்தும். அந்த அழுத்தத்தை எதிர்த்து மேல இருந்து காத்தை இழுக்க நம்ம மார்புத் தசையால முடியாது. இன்னொண்ணு, நீங்க விட்ட மூச்சுல ஒரு பங்கு குழாயிலேயே தங்கிடும். அடுத்த மூச்சுல அதையேதான் திரும்ப இழுப்பீங்க. குட்டைக் குழாயிலயும் இது கொஞ்சம் நடக்கும். அதனால வேகமா, மேலோட்டமா மூச்சு விட்டா திணறும். மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா, முழுசா வெளிய விடுங்க.

வேணும்னே குழாய்க்குள்ள தண்ணியை விட்டுட்டு, "டூ!"ன்னு பலமா ஊதி வெளிய தள்ளிப் பழகுங்க. இருமல் வந்தாலும் கால் ஊன்றாம, மல்லாக்கத் திரும்பி மிதந்து மூச்சு வாங்கப் பழகுங்க. இதெல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் தரையைத் தொடாம இருக்க முடிஞ்சா, நீங்க ரெடி. நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட்டும் கைடும் இல்லாம இறங்கவே கூடாது.

கடல்ல இறங்குற நாள்ல, மணல் இருக்கிற இடம் பார்த்து இறங்குங்க. தனியா போகாதீங்க. மூழ்குறவங்க எப்பவும் சத்தம் போட மாட்டாங்க. அதனால நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, கூட வந்தவங்களையும் கரையையும் பாருங்க. கீழ தண்ணி குறைஞ்சு வயிறு உரசுற மாதிரி இருந்தா, எழுந்து நிக்காம ஆழமான பக்கம் திரும்பிடுங்க. துடுப்பு மாட்டியிருந்தா மெதுவா அடிங்க. கிளம்புற மணல் பவளத்தை மூடும். முதுகு கருகாம இருக்க முழுக்கை டீ-ஷர்ட் போடுங்க, சன்ஸ்க்ரீன் தேவை பாதியா குறையும். புறாத் தீவுல துடுப்பு முனை கறுப்பா இருக்கிற சின்னச் சுறாக்களும் வரும். கூச்ச சுபாவம் அதுங்களுக்கு. துரத்தாதீங்க, அசையாம மிதங்க.

உலக அளவுல நாலாவது பவள வெளுப்பு நடந்துக்கிட்டிருக்குன்னு 2024 ஏப்ரல்ல விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. கடல் சூடானா உள்ள இருக்கிற பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துப் பட்டினியில கிடக்கும். அந்தச் சூட்டை நீங்களும் நானும் ஒரு வாரக் கடைசியில குறைக்க முடியாது. ஆனா அதுலயும் தப்பிச்சுப் பொழைச்ச ஒண்ணு நம்ம குதிகாலால சாகாம பார்த்துக்க முடியும். அதுக்கு ரெண்டு வாரம் குளத்துப் பக்கம் போனா போதும்.

கேள்வி இருந்தா அனுப்புங்க.