விட்டதும் விடாததும்

(தோழர்களுக்கான அரசியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



அயல்நாட்டுக் கொள்கை, நாட்டுப் பாதுகாப்பு இவற்றின் அடிப்படைகளைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடக மேடை ஏறியவன் நான். இந்தத் தலைப்புக்கு ஒரு பேராசிரியரை அழைத்திருக்கலாம். என்றாலும் என்னை அழைத்ததிலே ஒரு பொருத்தம் உண்டு. இந்தத் துறையிலே மேடைப் பேச்சாளர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை ஒன்று இருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன்.

"ஓர் அங்குல நிலமும் விடமாட்டோம்! எதிரி எட்டிப் பார்த்தால் எலும்பை எண்ணுவோம்!" என்று ஒரு கூட்டத்திலே முழங்கினேன். கடலலை போலக் கையொலி எழுந்தது. கூட்டம் கலைந்தபின், ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்திலே, ஓர் இளந்தோழர் என் அருகே வந்து, "அண்ணே! எதிரி நம்மைவிடப் பலமடங்கு பெரியவனாக இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார். மேடையிலே மடைதிறந்த வெள்ளமெனப் பாய்ந்த சொற்கள் அந்த ஒரு கேள்விக்கு முன்னே வற்றிப்போயின. தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டேன். அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

அந்த விடையைத் தேடி நாம் வெகுதொலைவு போகவேண்டும். வடக்கே, ஆண்டிலே பாதி நாள் பனி போர்த்துக் கிடக்கும் பின்லாந்து நாட்டுக்கு!

நாடகக்காரன் கதையைக் கேட்குமுன் மேடையைப் பார்ப்பான். எங்கே வாயில், எங்கே திரை, எந்தப் பக்கம் எவன் வருவான் என்று கணக்கிடுவான். நாட்டுக்கு மேடை, நிலப்படம். பின்லாந்தின் படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே சுவீடன், வடக்கே நார்வே, தெற்கே கடல், கிழக்கே நெடுகிலும் ரஷியா! 1809 வரையிலே சுவீடனின் ஆட்சி. அதன்பின் ரஷியப் பேரரசரான ஜாரின் ஆட்சி. 1917 டிசம்பர் 6-ஆம் நாள் விடுதலைப் பிரகடனம். 1939-இலே பின்லாந்தின் மக்கள் ஏறத்தாழ 37 லட்சம். பக்கத்திலே சோவியத் நாட்டின் மக்கள் 17 கோடி!

அண்டை வீட்டுக்காரனைப் பிடிக்கவில்லையென்றால் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு போகலாம். நாட்டைத் தூக்கி வண்டியிலே ஏற்ற முடியுமா? அயல்நாட்டுக் கொள்கையின் முதல் பாடம் இதுதான். நண்பனைத் தேர்ந்தெடுக்கலாம், அண்டை நாட்டைத் தேர்ந்தெடுக்க இயலாது.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. அண்டை நாட்டின் ஆசையை அறிந்தால் போதாது. அதன் அச்சத்தையும் அறியவேண்டும். அன்றைய பின்லாந்து எல்லைக்கும் லெனின்கிராடு நகருக்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். ஐரோப்பாவிலே ஹிட்லரின் படை அணிவகுத்த காலம். பகைவன் பின்லாந்தின் வழியாக நுழைந்தால் தம் பெருநகரம் பீரங்கிக்கு இரையாகும் என்று அஞ்சினார்கள் மாஸ்கோவிலே. நகரை நகர்த்த முடியாது, எல்லையைத்தான் நகர்த்தவேண்டும் என்பது ஸ்டாலினின் வாதம். 1939 அக்டோபரிலே பேச்சுவார்த்தை நடந்தது. கரேலியப் பூசந்தியிலே எல்லையைப் பின்னே தள்ளவேண்டும், ஹாங்கோ துறையைப் படைத்தளமாகக் குத்தகைக்குத் தரவேண்டும், ஈடாகக் கிழக்கே ஏறத்தாழ இருமடங்கு நிலம் தருகிறோம் என்றார்கள்.

"நியாயமாகத்தானே தோன்றுகிறது!" என்பீர்கள். பொறுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், ஹிட்லரின் ஜெர்மனியும் சோவியத் ரஷியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, எழுதி மறைத்து வைத்த பகுதியிலே பின்லாந்து யார் பங்கு என்பதும் எழுதப்பட்டிருந்தது. ரஷியாவின் பங்கு! அச்சமும் பேராசையும் ஒரே சட்டையை அணிந்துகொண்டு வந்து கதவைத் தட்டின. எது எது என்று பிரித்தறிவதுதான் அரசியல் அறிவு.

பின்லாந்துக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது. தூது சென்ற பாசிக்கிவியும், படைத்துறையிலே பழுத்த மன்னர்ஹைமும், இன்னும் சற்று விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். போர் என்றால் என்னவென்று நேரிலே கண்டவர்தான் பொறுமையைப் பேசினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு இசையவில்லை. கேட்கப்படும் நிலத்திலேதான் எங்கள் அரண்வரிசை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் நாளை கேட்பதை எதைக்கொண்டு மறுப்போம் என்றது. படைத்தளத்துக்கு இடம் கொடுத்த எஸ்தோனியாவும் லாத்வியாவும் லித்துவேனியாவும் 1940 கோடையிலே சுதந்திரத்தையே இழந்தன. அதைப் பார்க்கும்போது அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியவில்லை.

1939 நவம்பர் 30. போர் அறிவிப்பு இல்லை, குண்டுகள்தான் வந்தன. ஹெல்சிங்கி நகரம் எரிந்தது. மறுநாளே, எல்லையோரச் சிற்றூர் ஒன்றிலே "பின்லாந்தின் மக்கள் அரசு" என்று ஒரு பொம்மை அரசை மாஸ்கோ நிறுவியது. அந்த நொடியிலே திரை விலகிற்று. எல்லைக்கல் எங்கே நடுவது என்று தொடங்கிய வழக்கு, ஹெல்சிங்கியிலே ஆள்பவன் யார் என்ற வழக்காகிவிட்டது. பேரம் பேசலாம் முதல் வழக்கிலே. இரண்டாம் வழக்கிலே எதைப் பேசுவது?

போரிட்டார்கள். வெள்ளாடை போர்த்து, பனிச்சறுக்குக் கட்டையேறி, காட்டுக்குள்ளே நிழலாய் நகர்ந்து, நீண்டு வந்த படைவரிசைகளைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். கவசவண்டியை எதிர்க்கப் போதிய பீரங்கி இல்லை. எரிபொருள் நிரப்பிய புட்டியை வீசினார்கள். சோவியத் வெளிநாட்டு அமைச்சர் மொலோட்டோவின் பெயரையே கிண்டலாக அதற்குச் சூட்டினார்கள். இன்றுவரை உலகெங்கும் அந்தப் புட்டிக்கு அந்தப் பெயர்தான்!

துணைக்கு வந்தவர் யார்? டிசம்பர் 14-ஆம் நாள் சர்வதேச சங்கம் சோவியத் ரஷியாவை நீக்கித் தீர்மானம் போட்டது. தீர்மானம் தோட்டாவைத் தடுக்கவில்லை. சுவீடனிலிருந்து தொண்டர்கள் 8,000 பேருக்குமேல் வந்தார்கள். சுவீடன் அரசின் படை வரவில்லை. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவதாகச் சொல்லின. அந்தப் படை நார்வே, சுவீடன் வழியாகத்தான் வரமுடியும். தங்கள் மண்ணும் போர்க்களமாகிவிடுமோ என்று அஞ்சிய அவ்விரு நாடுகளும் வழிவிட மறுத்தன. செயலின் கடுமையை எடைபோடு, உன் ஆற்றலை எடைபோடு, எதிரியின் ஆற்றலை எடைபோடு, துணைவரின் ஆற்றலையும் எடைபோடு என்று வள்ளுவர் வகுத்தாரே, அந்தத் தராசிலே பலரும் ஏமாறுவது கடைசித் தட்டிலேதான். துணைவனுக்கு மனம் இருந்தால் போதாது. வழியும் வேண்டும், வருவதிலே அவனுக்கும் நலன் வேண்டும்.

105 நாட்கள்! பின்லாந்து இழந்த உயிர்கள் 25,000க்கும் மேல். சோவியத் தரப்பிலே இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1940 மார்ச் 12-ஆம் நாள் மாஸ்கோவிலே உடன்பாடு. நாட்டின் நிலத்திலே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போயிற்று. வீப்புரி நகரம் போயிற்று. 4 லட்சம் பேருக்குமேல் வீடு வாசலைத் துறந்து, பிள்ளை குட்டிகளோடும் கால்நடைகளோடும் எஞ்சிய தாயகம் நோக்கி நடந்தார்கள். படை களைத்துவிட்டது, குண்டு தீர்ந்துகொண்டிருக்கிறது, உதவி வரப்போவதில்லை என்று அறிந்துதான் கையொப்பமிட்டார்கள். ஓர் அங்குலமல்ல தோழர்களே, ஒரு மாநிலத்தையே விட்டார்கள். ஆனால் பொம்மை அரசு ஹெல்சிங்கிக்குள் வரவில்லை. அதை விடவில்லை!

இந்த இடத்திலே திரையைப் போட்டால் நல்ல வீர நாடகம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வரலாறு தொடர்கிறது. 1941-இலே, இழந்த மண்ணை மீட்க, ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து போரிலே இறங்கியது பின்லாந்து. பழைய எல்லையோடு நின்றதா? இல்லை, அதையும் தாண்டிச் சென்றது. "எங்கள் போர் தனிப்போர்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அதை ஏற்காத பிரிட்டன் அவர்கள்மீது போர் அறிவித்தது. 1941 டிசம்பர் 6-ஆம் நாள், அவர்களுடைய விடுதலைத் திருநாளிலே! 1944 செப்டம்பரிலே போர்நிறுத்தம். பழைய இழப்பு உறுதியாயிற்று. வடக்கே பெட்சமோவும் போயிற்று. தலைநகருக்கு அருகிலேயே போர்க்கலா என்ற இடம் 50 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 30 கோடி டாலர் பெறுமான பொருள்களை நட்டஈடாகத் தரவேண்டியதாயிற்று. உரிமைக்காக நின்றபோது உலகம் போற்றிய நாடு, கூடாதவனோடு கூடியபோது உலகத்தின் முன்னே தலைகுனிந்தது. எதிரிக்கு எதிரி நண்பன் என்பது திண்ணைப் பேச்சு. அதை நாட்டின் கொள்கையாக்கினால் வரும் விலை இது.

1946-இலே குடியரசுத் தலைவரானார் பாசிக்கிவி; அன்று பேரம் பேசச் சொன்ன அதே பாசிக்கிவி. அவர் கேட்ட கேள்வி எளியது: ரஷியாவுக்கு நம்மிடம் உண்மையிலே வேண்டியது என்ன? தன் நகரைத் தாக்க நம் மண் வழியாகாதிருக்க வேண்டும் என்பது. அதைக் கொடுப்போம், வேறொன்றும் கொடுக்கவேண்டாம். 1948 ஏப்ரல் 6-ஆம் நாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஜெர்மனியோ அதன் துணை நாடோ பின்லாந்தின் வழியாகத் தாக்க வந்தால், பின்லாந்து தன் எல்லைக்குள் நின்று தடுக்கும். தேவையானால், இருவரும் ஒத்துக்கொண்டால், ரஷியா உதவும். அவ்வளவுதான். கிழக்கு ஐரோப்பாவிலே ஒவ்வொரு தலைநகரிலும் எதிர்க்கட்சிகளின் குரல் அடங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலே, பின்லாந்திலே தேர்தல் நடந்தது, பாராளுமன்றம் கூடியது, கட்சிகள் மோதின. 1952-இலே நட்டஈட்டைத் தீர்த்தார்கள். 50 ஆண்டுக்குக் கொடுத்த போர்க்கலா, 1956 ஜனவரியிலேயே திரும்பி வந்தது!

மென்மையாகப் பேசியே இதைச் சாதித்தார்களா? 105 நாட்களை மறந்துவிடாதீர்கள். இந்த நாட்டை விழுங்க முயன்றால் தொண்டையிலே முள் தைக்கும் என்று மாஸ்கோ ஒருமுறை அறிந்திருந்தது. தாக்குவதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதை எதிரிக்கு முன்னரே உணர்த்தி வைப்பதுதான் தடுப்பாற்றல். படையில்லாத தூது கெஞ்சல். தூதில்லாத படை தற்கொலை.

விலை இல்லாமலா கிடைத்தது? இல்லை. 1947-இலே, வறுமையிலே வாடிய நேரத்திலே, அமெரிக்கா நீட்டிய மார்ஷல் உதவியை ரஷியாவின் மனங்கோணாதிருக்க மறுத்தார்கள். 1961-இலே மாஸ்கோவிலிருந்து ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. அதிபர் கெக்கொனன் குருஷ்சேவைச் சந்தித்துத் தணித்தார். தேர்தலிலே அவரை எதிர்க்க இருந்த வேட்பாளர் விலகிக்கொண்டார். கெக்கொனன் 1956 முதல் 1982 வரை பதவியிலிருந்தார். அண்டை நாட்டைக் குறை கூறும் எழுத்தைத் தாங்களே அடக்கிக்கொண்டார்கள் பத்திரிகையாளரும் பதிப்பாளரும். வாயிலிலே குனியலாம், வீட்டுக்குள்ளேயும் குனிந்தே நடந்தால் முதுகு அப்படியே நின்றுவிடும். அந்த ஆபத்தின் விளிம்பிலே பின்லாந்து பல ஆண்டுகள் நடந்தது.

ஆனால் நட்பு ஒப்பந்தம் நடப்பிலிருந்த அந்த ஆண்டுகளிலும், இளைஞர்களுக்குக் கட்டாயப் படைப்பயிற்சி நிற்கவில்லை. கைகுலுக்கிய நாட்டின் பாறைகளுக்கடியிலே காப்பறைகள் குடையப்பட்டன. ஏறத்தாழ 56 லட்சம் மக்களுள்ள அந்நாட்டிலே இன்று 48 லட்சம் பேருக்குக் காப்பறையில் இடம் உண்டு. தானியக் கிடங்கும் எரிபொருள் கிடங்கும் மருந்துக் கிடங்கும் அவர்கள் கணக்கிலே பாதுகாப்புதான். சிப்பாய் எல்லையிலே நிற்க, வீட்டிலே உலை கொதிக்காவிட்டால் எத்தனை நாள் நிற்பான்?

1948-இன் ஒப்பந்தம் 1992-இலே முடிந்தது. 1995-இலே ஐரோப்பிய ஒன்றியத்திலே சேர்ந்தார்கள். 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷியப் படை உக்ரைனுக்குள்ளே பெருமளவிலே புகுந்தபோது, பின்லாந்தின் முதியோருக்கு 1939 நினைவுக்கு வந்திராதா? 2023 ஏப்ரல் 4-ஆம் நாள் நேட்டோ கூட்டணியிலே 31-ஆவது நாடாகச் சேர்ந்தது பின்லாந்து. நடுநிலைமை அவர்களுக்குக் குடையாக இருந்தது. மழை திசைமாறியதும் வேறு குடை பிடித்தார்கள். இதிலே ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் எல்லையிலே இன்று இரு தரப்பும் ஒன்றையொன்று உற்றுப் பார்க்கின்றன. ஒருவன் தன்னைக் காக்க எழுப்பும் மதில், மற்றவன் கண்ணுக்குத் தன்மீது பாயப் போடும் மேடையாகத் தோன்றும். பழைய நோய் இது. முற்றிய மருந்து இன்னும் எவரிடமும் இல்லை.

இளந்தோழரே, நீங்கள் இந்த அரங்கிலே இருக்கிறீர்களோ இல்லையோ, உமக்கு என் விடை இது. எதிரி பலமடங்கு பெரியவனாக இருந்தால், முதலிலே வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பட்டியல் எழுதவேண்டும். எதை விட்டாலும் பிழைத்திருந்து பின்னர் நிமிரலாம் என்பது ஒரு பட்டியல். எதை விட்டால் பிழைத்திருப்பதிலேயே பொருளில்லை என்பது மற்றொன்று. இரண்டாம் பட்டியல் சிறியதாக இருக்கவேண்டும். அதற்காக உயிரைக் கொடுக்கும் ஆயத்தம் பெரியதாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் இரண்டாம் பட்டியலிலே எழுதுகிறவன் நாட்டை எரிப்பான். எல்லாவற்றையும் முதற் பட்டியலிலே எழுதுகிறவன் நாட்டை விற்பான்.

தோழர்களே! இனி எவரேனும் மேடையேறி, போர் வேண்டும் என்றோ வேண்டவே வேண்டாம் என்றோ முழங்கினால், அது நானாகவே இருந்தாலும், கைதட்டுமுன் எழுந்து கேளுங்கள்: "ஐயா, உங்கள் பட்டியல் எங்கே? துணைக்கு வருவோன் எந்த வழியாக வருவான்? வீடிழந்து நடக்கப்போகும் 4 லட்சம் பேரிலே உங்கள் குடும்பம் உண்டா?" விடை சொல்ல முடிந்தவரைப் பேச விடுங்கள். முடியாதவரை மெல்ல இறக்கிவிடுங்கள்.

என்னை அன்றே இறக்கியிருக்கவேண்டும். கேள்வியோடு விட்டுவிட்டார் அந்தத் தம்பி. அவருக்கு என் நன்றி.