பட்டமும் பணியும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்போர் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஆள் இல்லாத சமயத்தில் ஒருவரை மேல் பதவியில் அமர்த்துவார்கள். நெருக்கடி தீர்ந்தபின் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவார்கள். 'ரிவர்ஷன்' என்னும் அச்சொல்லைக் கேட்டாலே குமாஸ்தாவின் முகம் வாடிவிடும். உலகறிய அந்நிலையை அடைந்தும் பணியில் தளராத ஒரு மாதரசியைப் பற்றி இன்று கூற விழைகிறேன்.

அவர் பெயர் லீ டிம் ஓய். 1907ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிறந்தார். பெண் மகவு பிறந்தால் வருந்தும் வழக்கம் சீனரிடையே பரவியிருந்த காலம் அது. அவருடைய தந்தையாரோ, 'மிகவும் அன்புக்குரியவள்' என்று பொருள்படும் பெயரை மகளுக்குச் சூட்டினார். ஞானஸ்நானத்தின்போது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவாகப் பிளாரன்ஸ் என்னும் பெயரையும் அவர் ஏற்றார்.

இறையியல் கற்று, 1941இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் 'டீக்கனஸ்' என்னும் பணிவிடைப் பொறுப்பைப் பெற்றார். போர்ச்சுக்கீசியர் ஆண்ட மக்காவில், போரினால் வீடிழந்து வந்த அகதிகளிடையே தொண்டாற்றினார். அவ்வாண்டு டிசம்பர் 25இல் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் குருவானவர் எவரும் மக்காவுக்கு வர இயலாமற்போயிற்று. திருவிருந்து வழங்கும் அதிகாரமோ குருவுக்கே உரியது. மக்கள் என் செய்வர்?

பேராயர் ரொனால்ட் ஹால் துணிந்து முடிவு செய்தார். லீ அம்மையார் போர்முனைப் பகுதிகளைக் கடந்து சென்று அவரைச் சந்தித்தார். 1944 ஜனவரி 25இல் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவான முதற் பெண்மணி அவரே.

போர் முடிந்தது, கண்டனம் எழுந்தது. பெண்ணைக் குருவாக்கியது தகாது என்று திருச்சபைத் தலைவர்கள் பேராயரை நெருக்கினர். தம் பொருட்டுப் பேராயருக்குத் தீங்கு நேரலாகாது என்றெண்ணிய அம்மையார், 1946இல் குருவாகப் பணியாற்றும் அனுமதியைத் துறந்தார். ஆயினும், பெற்ற குருப்பட்டத்தைத் துறக்கவில்லை. ஹெப்பூ என்னும் ஊரில் சபைப் பொறுப்பை ஏற்று, அங்கே பிரசவ விடுதி ஒன்றையும் தொடங்கினார். பிறந்தவுடன் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். தந்தை தமக்கு அளித்த அன்பை முன்பின் அறியாத சிசுக்களுக்கும் அளித்தார் என்றே சொல்ல வேண்டும்.

பின்னர்ச் சீனாவில் ஆலயங்கள் மூடப்பட்டன. அம்மையார் பண்ணையில் உழைக்க நேர்ந்தது. கலாசாரப் புரட்சியின்போது, தம் குருத்துவ அங்கியைத் தாமே கத்தரிக்கோலால் வெட்டும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார். அங்கி போயிற்று; ஜெபம் போகவில்லை.

1971இல் ஹாங்காங் திருச்சபை பெண்கள் இருவருக்குக் குருப்பட்டம் அளித்தது. அம்மையார் முதுமையில் கனடா சென்று, அங்கே மீண்டும் குருவாகப் பணியாற்றினார். 1984இல் அவருடைய நாற்பதாண்டுக் குருத்துவம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கொண்டாடப்பட்டது. 1992 பிப்ரவரியில் டொரொன்டோவில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரிலேதான் இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருவாக்க இசைந்தது. நம் தென்னிந்தியத் திருச்சபையிலோ 2013இல் புஷ்பலலிதா அம்மையார் முதற் பெண் பேராயரானார்.

அன்பர்களே, இக்காலனியில் கிரேடும் சீனியாரிட்டியும் பேசாத நாள் இல்லை. அவை வேண்டாம் என்று நான் கூறவில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே! ஆனால் ஆணையால் வந்த பதவி ஆணையால் போகும். ஹெப்பூவில் பிழைத்த குழந்தைகளை எந்த ஆணையாலும் திருப்பிவிட இயலாது. நம் பெண்மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்வோமாக.