வழியில் அடிபட்டவர் சம்பளம் யாருக்கு?

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் பேசியது)



வேலைக்காட்டுக்கு வரும் வழியில் தனியார் லாரி மோதிக் கால் ஒடிந்தால், பணம் இரண்டு இடத்திலிருந்து வரவேண்டும். ஒன்று சொக்சோ. மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. இதற்கு வக்கீல் தேவையில்லை.

மற்றொன்று லாரிக்காரர்மீது தொடுக்கும் நஷ்டஈட்டு வழக்கு. இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 2019இல் திருத்தியபடி, 31 முதல் 59 வயதுள்ளவருக்கு 60இல் வயதைக் கழித்துப் பாதியாக்கச் சொல்கிறது. 40 வயதுக்காரருக்கு 10 ஆண்டு. சொந்தச் செலவு போக மாதம் 500 வெள்ளி இழப்பு என்று ருசுவானால் 60,000 வெள்ளி! ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒட்டுப்பால் காசும் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிராணிமாரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

இதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தரகர் வந்துவிடுவார். "செலவே இல்லை, ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு" என்பார். 20,000 வெள்ளி, ஐயா! எத்தனை மாதம் மரம் வெட்டவேண்டும்? வழக்கு ஜெயித்தால் கூலி என்று வக்கீல் ஒப்பந்தம் செய்யலாகாது என்கிறது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு. செய்த வேலைக்குத்தான் கட்டணம். பில்லில் எழுதித் தரக் கேளுங்கள்.

வழக்குப் போட 6 ஆண்டு தவணை உண்டு. கட்டிலில் கிடக்கும்போதே கைந்நாட்டு வைக்க என்ன அவசரம்? தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம்.